உறையைத் தூக்கிப் போடாதீர்கள்: போர்முனைக் கடிதங்களைப் படிக்கும் முறை

ரயில் தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்ஸில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் சார்ட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீடு திருப்பாதிரிப்புலியூர். பழைய தபால் உறைகளைச் சேர்க்கும் பழக்கம் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. அது தெரிந்தவர்கள், கடலூரிலிருந்தும் பாண்டியிலிருந்தும், தாத்தா பட்டாளத்திலிருந்து எழுதிய கடிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். எப்படிப் படிப்பது, எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் கொண்டுவருவது கடிதத்தை மட்டும்தான். உறை எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும். சில வீடுகளில் தபால்தலைக்காக உறையின் மூலையைப் பிள்ளைகள் வெட்டி எடுத்திருப்பார்கள். அதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. போர்க்காலத்தில் சிப்பாய் எழுதக்கூடாது என்று தடுக்கப்பட்ட செய்திகளில் பாதியை உறை சொல்லிவிடும்.

என்னிடம் உறைகளோடு முழுசாக வந்த கட்டு ஒன்று இருக்கிறது. சக சேகரிப்பாளர் ஒருவர் வழியாக ஏலத்தில் வாங்கியது. எழுதியவர் ஸ்காட்லாந்துக்காரர். அபர்தீன் நகருக்கு மேற்கே டீ ஆற்றங்கரையில் பண்ணை வேலை செய்த பையன். கார்டன் ஹைலேண்டர்ஸ் படையின் 7-வது பட்டாலியன். முதல் உலகப் போரில், 1915 முதல் 1917 வரை அம்மாவுக்கும், அக்காவுக்கும், அண்ணனுக்கும் எழுதியவை. அவர் வம்சத்தில் யாராவது இருப்பார்கள், அதனால் பெயரை இங்கே போடவில்லை. உங்கள் வீட்டுக் கட்டு பர்மாவிலிருந்து வந்திருக்கலாம், வியட்நாமின் சைகோனிலிருந்தும் வந்திருக்கலாம். செய்யவேண்டிய வேலை ஒன்றுதான் என்பதால் இந்தக் கட்டை வைத்தே விளக்குகிறேன்.

கடலூர்க்காரனுக்கு ஸ்காட்லாந்துச் சிப்பாய்மீது என்ன அக்கறை என்று கேட்பவர்கள் உண்டு. 1783 ஜூன் 13 அன்று நம் ஊர்க் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடிக்க ஆங்கிலேயக் கம்பெனியின் படை மோதியது. அதில் ஹைலேண்டர், அதாவது ஸ்காட்லாந்து மலைநாட்டுப் பட்டாலியன்களும் இருந்தன. தளபதி ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் ஸ்காட்லாந்துக்காரர்தான். இரு தரப்பிலும் ஏராளமானவர்கள் செத்தார்கள். ஆனால் அதே வருஷம் ஜனவரி 20 அன்றே ஐரோப்பாவில் பூர்வாங்க சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. செய்தி கப்பலில் இங்கே வந்து சேர்ந்தபோது ஜூன் முடியப்போகிறது. ஒரு தபால் நேரத்துக்கு வராததால் போன உயிர்கள் அவை. தபால் வேலையிலேயே வாழ்நாளைக் கழித்த எனக்கு அந்த நினைப்பு லேசில் போகாது.

சரி, வேலைக்கு வருவோம்.

கட்டு கையில் வந்ததும் அவிழ்க்காதீர்கள். இருக்கிற நிலையில் நாலு பக்கமும் போனில் படம் எடுங்கள். எதற்குமேல் எது இருக்கிறது என்பதே ஒரு செய்தி. வீட்டில் யாரோ ஒருவர் அந்த வரிசையில் அடுக்கிக் கட்டியிருக்கிறார், பெரும்பாலும் அம்மா. அவிழ்த்த பிறகு அந்த வரிசை திரும்பக் கிடைக்காது.

மழைக்காலத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை நம் கரையோரத்தில் காகிதம் தானாகவே நமுத்துவிடும். மாசி, பங்குனியில் நல்ல வெயில் ஏறிய முற்பகல் வேளை சரியாக இருக்கும். கடற்காற்று திரும்பினால் நிறுத்திவிடலாம். மின்விசிறியை அணையுங்கள். வியர்க்கும்தான், பக்கத்தில் ஒரு துண்டு இருக்கட்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்தால் போதும், கையுறை வேண்டாம். கையுறை போட்டால் விரலுக்குக் காகிதத்தின் ஓரம் தெரியாது, கிழித்துவிடுவோம். மேசையில் காப்பியும் தண்ணீரும் கூடாது. எழுதப் பென்சில் மட்டும்தான்.

தண்ணீர் கூடாது என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அந்தக் காலச் சிப்பாய்கள் பலர் எழுதியது காப்பியிங் பென்சிலில். தபால் ஆபீசில் பழைய ஆட்கள் அதைப் பார்த்திருப்பார்கள். காய்ந்திருக்கும்வரை சாதாரணப் பென்சில் எழுத்துப் போலச் சாம்பலாக இருக்கும். ஒரு சொட்டு ஈரம் பட்டால் ஊதாவாகப் பரவி, எழுத்தே கரைந்துபோகும். என் கட்டில் ஒரு கடிதத்தின் ஓரத்தில் ஊதாத் திட்டுகள் இருக்கின்றன. ஈரப் பதுங்குகுழியில் முழங்கால்மேல் வைத்து எழுதியிருக்கிறார். ஈரத்துணியால் துடைத்துப் பார்க்கலாமே என்று யார் சொன்னாலும் விடாதீர்கள்.

அடுத்தது எண் போடுவது. உறைக்கும் கடிதத்துக்கும் ஒரே எண். உறைக்கு 12அ, கடிதத்துக்கு 12ஆ, உள்ளே ஏதாவது இருந்தால் 12இ. மூலையில், பென்சிலால், மெதுவாக. துருப்பிடித்த குண்டூசி இருந்தால் இழுக்கக் கூடாது. ஊசிக்கும் காகிதத்துக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, ஊசியை நேராக்கி, பிறகு உருவ வேண்டும். பிறகு போனில் படம். ஜன்னலோரம், வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில், இரண்டு பக்கமும். எழுதாத பக்கத்தையும் எடுங்கள். எழுத்து மங்கியிருந்தால் அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் தாளின் மட்டத்திலேயே பிடித்துப் பாருங்கள். பென்சில் அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும்.

இப்போது உறை.

என் சிப்பாயின் முதல் கடிதங்கள் இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு ஊரிலிருந்து வந்தவை. 51-வது ஹைலேண்ட் டிவிஷனுக்கு அங்கேதான் பயிற்சி. அவற்றில் ஒரு பென்னி தபால்தலை இருக்கிறது, முகவரி இருக்கிறது, தேதி இருக்கிறது, எல்லாம் வெளிப்படை. மலையோரக் கிராமங்களிலிருந்து வந்த பையன்களைப் பெட்ஃபோர்டில் தட்டம்மை பிடித்து வாட்டியதையும், கூடப் படுத்திருந்தவன் அதில் செத்ததையும் பச்சையாகவே எழுதியிருக்கிறார். 1915 மே மாதம் டிவிஷன் பிரான்சுக்குப் போகிறது. அதோடு எல்லாம் மாறுகிறது. தபால்தலை இல்லை, அந்த இடத்தில் ‘போர்ப்பணியில்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. போர்முனைத் தபாலுக்குக் கட்டணம் கிடையாது. கடிதத்தின் தலைப்பில் ஊர்ப்பெயர் மறைந்து ‘பிரான்சில் எங்கோ’ என்று வருகிறது. அதாவது, தபால்தலை நின்றுபோன இடம்தான் அவர் கடல் தாண்டிய இடம். உறை இல்லாமல் இது தெரியவே தெரியாது.

உறையில் மூன்று பதிவுகளைத் தேடுங்கள். ஒன்று, வட்டமான தேதி முத்திரை. அதில் ஊர் இருக்காது, போர்முனைத் தபால் நிலையத்தின் குறியீடு மட்டும் இருக்கும். இரண்டாவது, தணிக்கை முத்திரை. பிரிட்டிஷ் ராணுவம் இதன் வடிவத்தைப் போர் நடக்க நடக்க மாற்றிக்கொண்டே வந்தது: சதுரம், முக்கோணம், அறுகோணம், நீள்வட்டம் என்று. தேதி முத்திரை அழிந்த உறையை இந்த வடிவத்தை வைத்தே ஓரளவு காலம் சொல்லலாம். மூன்றாவது, இடது கீழ் மூலையில் ஒரு கையெழுத்து. அது அவருடைய கம்பெனியின், அதாவது பட்டாலியனுக்குள் அவர் இருந்த பிரிவின், அதிகாரியுடையது. சிப்பாய் அம்மாவுக்கு எழுதுவதை அவர் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுவார். தினமும் முகத்தைப் பார்க்கும் அதிகாரி படிப்பார் என்று தெரிந்தே ஒருவன் எழுதுகிறான் என்பதை ஒவ்வொரு வரியிலும் நினைவில் வைக்க வேண்டும். அந்தக் கையெழுத்து எந்த மாதத்திலிருந்து வேறு ஆளுடையதாகிறது என்று குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பச்சை உறை கிடைத்தால் அதைத் தனியாகக் கவனியுங்கள். குடும்ப விஷயம் தவிர வேறெதுவும் இல்லை என்று சிப்பாய் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால், அந்த உறையைப் பட்டாலியனில் பிரிக்க மாட்டார்கள். பின்னால் உள்ள தளத்தில் வேண்டுமானால் திறந்து பார்ப்பார்கள். அவ்வளவாகக் கிடைக்காத உறை என்பதால் சேர்த்து வைத்து முக்கியமான கடிதத்துக்குப் பயன்படுத்துவார்கள். என் கட்டில் அண்ணனுக்கு எழுதியவை பெரும்பாலும் பச்சை உறையில்தான் வந்திருக்கின்றன.

இங்கேதான் படிக்கும் முறை முக்கியமாகிறது. எல்லாரும் தேதிப்படி ஒரே மூச்சில் படிப்பார்கள். நான் சொல்வது, முதலில் ஆளுக்கு ஆள் பிரித்துப் படியுங்கள். அம்மாவுக்கு எழுதியதை எல்லாம் தனியாக, அண்ணனுக்கு எழுதியதைத் தனியாக. அம்மாவிடம் ‘இந்தப் பக்கம் அமைதியாக இருக்கிறது, சாக்ஸ் வந்தது, ஓட்ஸ் ரொட்டி உடையாமல் வந்தது, டர்னிப் பிடுங்கி முடிந்ததா’ என்று கேட்கிறார். அதே வாரம் அண்ணனிடம், ஸ்காட்லாந்துச் சிப்பாய்கள் உடுத்தும் பாவாடையான கில்ட்டின் மடிப்பெல்லாம் பேன் என்கிறார், சேறு உறைந்து துணியின் ஓரம் முழங்காலைக் கீறுகிறது என்கிறார், பக்கத்துப் பண்ணைப் பையன் இனி வரமாட்டான், அம்மாவிடம் சொல்லாதே என்கிறார். இரண்டும் பொய்யில்லை. அம்மாவுக்கு எழுதியதில் அவர் எதை விட்டார் என்பதை அண்ணனுக்கு எழுதியது சொல்லும். பிறகு எல்லாவற்றையும் தேதிப்படி கலந்து இரண்டாம் முறை படியுங்கள். அப்போது அதே அம்மா கடிதம் வேறு மாதிரி கேட்கும்.

பதில் எழுதிய அம்மாவின் குரல் கட்டில் இருக்காது. போர்முனையில் இருப்பவன் எதையும் சேர்த்துவைக்க முடியாது. ஆனால் மகனின் கடிதங்களிலிருந்து அதை மீட்கலாம். ‘பசு கன்று போட்டது கேட்டுச் சந்தோஷம்’ என்றால் அம்மா அதை எழுதியிருக்கிறார். ஒரு நோட்டில் இடது பக்கம் மகன் சொன்னது, வலது பக்கம் அதிலிருந்து தெரியும் அம்மாவின் செய்தி என்று எழுதி வாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். நாலைந்து பக்கம் போவதற்குள் டீ ஆற்றங்கரை வீடு ஒன்று கண்முன்னே வந்துவிடும்.

தேதி போடாத கடிதங்கள் நிறைய வரும். ‘புதன் இரவு’ என்று மட்டும் இருக்கும். உறை இருந்தால் கவலையில்லை. ஒரு உறையில் 1916 நவம்பர் 16 முத்திரை என்று வையுங்கள். அந்த வருஷக் காலண்டரைப் பார்த்தால் அது வியாழன். அப்படியானால் கடிதத்தின் புதன் நவம்பர் 15. சிப்பாயின் எண்ணும் உதவும். இவர் இருந்தது டெரிட்டோரியல் படையின், அதாவது பகுதிநேரத் தொண்டர் படையின், பட்டாலியன். அப்படிப்பட்டவர்களுக்கு முதலில் பெரும்பாலும் நாலு இலக்க எண்தான், 1917 தொடக்கத்தில் எல்லாருக்கும் புதிதாக ஆறு இலக்க எண் கொடுத்தார்கள். முகவரியில் ஆறு இலக்கம் இருந்தால் அந்தக் கடிதம் 1917-க்கு முந்தியது இல்லை.

கடிதம் அல்லாத ஒரு அட்டையும் கட்டில் வரும். அச்சடித்த வரிகள்: நலமாக இருக்கிறேன், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன், உன் கடிதம் கிடைத்தது, நெடுநாளாக உன் கடிதம் வரவில்லை. வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு சொல் கூடுதலாக எழுதினாலும் அட்டையைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். பலர் இதில் என்ன இருக்கிறது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்காதீர்கள். கடிதம் எழுத நேரமோ தெம்போ இல்லாத நாட்களில் அனுப்பியது அது. பெரிய சண்டை நடந்த நாளுக்குப் பக்கத்திலேயே அதன் தேதி இருக்கும்.

அதைச் சரிபார்க்க ஒவ்வொரு பட்டாலியனும் எழுதிய போர் நாட்குறிப்பு இருக்கிறது. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 95 என்ற வரிசையில் வைத்திருக்கிறார்கள். பெரும்பகுதி படமெடுக்கப்பட்டு இணையத்தில் கிடைக்கிறது. எந்த நாள் எந்த ஊரில் இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று நாள்வாரியாக இருக்கும். கடிதத்தையும் நாட்குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 1916 நவம்பர் 13, திங்கட்கிழமை, காலை 5.45-க்கு மூடுபனியில் ஹைலேண்ட் டிவிஷன் பிரான்சின் போமோன்-ஹாமெல் கிராமத்தைத் தாக்கியது. ஜூலை முதல் நாளே பிடிக்க முயன்று முடியாமல் போன இடம். இவருடைய பட்டாலியன் அந்தத் தாக்குதலில் இருந்தது. அன்றே ஊர் விழுந்தது. என் கட்டில் அதற்கு இரண்டு நாள் கழித்து ஓர் அச்சு அட்டை, ‘நலமாக இருக்கிறேன்’ என்ற வரி மட்டும் அடிபடாமல். அடுத்து அம்மாவுக்கு ஒரு கடிதம், ‘கொஞ்சம் வேலை அதிகமாக இருந்தது’ என்று. அவ்வளவுதான். நாட்குறிப்பு பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த வரியை ஒருவரும் நின்று படிக்க மாட்டார்கள்.

அதிகாரியின் கையெழுத்தைக் குறித்து வைக்கச் சொன்னேனே, அதற்கும் இங்கே வேலை இருக்கிறது. போர் நாட்குறிப்புகளில் இறந்த அதிகாரிகளைப் பெயரோடு எழுதுவார்கள், சிப்பாய்கள் பெரும்பாலும் எண்ணிக்கைதான். இத்தனை பேர் செத்தார்கள், இத்தனை பேரைக் காணோம் என்று. உறைமேல் கையெழுத்து மாறிய மாதத்தை நாட்குறிப்பில் தேடுங்கள். எண்ணிக்கைக்குள் ஒளிந்துகிடக்கும் உங்கள் ஆள் எந்தக் கம்பெனியில் இருந்தார் என்று அந்த அதிகாரியின் பெயர் வழியாகப் பிடித்துவிடலாம்.

இடங்களைப் பார்க்க ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பதுங்குகுழி வரைபடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்தியும் பார்க்கலாம். அவர்கள் வட்டார வழக்குச் சொல் வந்தால் ஸ்காட்ஸ் மொழி அகராதியும் இணையத்தில் இருக்கிறது. பையனை ‘லூன்’ என்றும் பெண்ணை ‘க்வைன்’ என்றும் சொல்லும் பக்கம் அது, சாதாரண ஆங்கில அகராதி போதாது. கையெழுத்து புரியாவிட்டால், சந்தேகமில்லாத சொற்களிலிருந்து, அதாவது முகவரி, கிழமை, ‘அன்புள்ள அம்மா’ ஆகியவற்றிலிருந்து, அவர் ஒவ்வொரு எழுத்தையும் எப்படிப் போடுகிறார் என்று ஓர் அட்டவணை தயார் செய்யுங்கள். பெயர்த்தெழுதும்போது அவர் செய்த எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். வரி முடியும் இடத்தில் வரியை முடியுங்கள். தெரியாத சொல்லுக்கு இடம் விட்டு, சதுர அடைப்பில் கேள்விக்குறி போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கட்டு திடீரென்று நின்றால் ஆள் செத்துவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். இந்தக் கட்டு 1917 கோடையோடு நிற்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் அந்த எண்ணில் அவர் இல்லை. கடைசி உறைகளை மறுபடி பார்த்தால் மீண்டும் இங்கிலாந்து ஊர் முத்திரை, மருத்துவமனை முகவரி. காயத்தோடு திரும்பியிருக்கிறார், பிறகு வீட்டுக்கே போய்விட்டார். வீட்டில் இருப்பவன் வீட்டுக்குக் கடிதம் எழுதமாட்டான். இதையெல்லாம் ராணுவத்தின் சேவைக் கோப்பில் பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் கோப்புகளில் சுமார் 60 விழுக்காடு 1940 செப்டம்பரில் லண்டனில் விழுந்த குண்டில் எரிந்துபோனது. பலருக்கு வீட்டில் மிஞ்சிய கடிதம்தான் ஒரே சாட்சி.

நம் பக்கத்துக் கட்டுகளுக்கு வருகிறேன். பாண்டியில் சொல்தா குடும்பங்கள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள், நிறைய. கடற்கரைச் சாலையில் 1914–18 போர் நினைவுச் சின்னம் நிற்கிறது, அதற்குப் பின் இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போனவர்களின் வீடுகள் இருக்கின்றன. பிரெஞ்சு ராணுவ உறையில் தபால்தலை இடத்தில் எஃப்.எம். என்று இருக்கும், கட்டணமில்லை என்று அர்த்தம். எஸ்.பி. என்று போட்டு ஓர் எண் இருந்தால் அது தபால் பிரிவு எண். டி.ஓ.இ. என்ற முத்திரை 1945-க்குப் பிந்திய இந்தோசீனக் கடிதங்களில் அதிகம் வரும். இந்திய ராணுவக் குடும்பங்களுக்கு எஃப்.பி.ஓ. (போர்முனைத் தபால் நிலையம்) எண், பின்னாளில் 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) எல்லாம் பழக்கமானவை. இரண்டாம் உலகப் போரில் உள்ளங்கை அளவு போட்டோத் தாளில் கடிதம் வந்திருந்தால் அது ஏர்கிராஃப். கடிதத்தைச் சின்ன ஃபிலிமில் படமெடுத்து, விமானத்தில் அனுப்பி, மறுமுனையில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். அதைப் போட்டோவைப் போலவே பாதுகாக்க வேண்டும்.

குருசுக்குப்பத்தில் ஒரு ஆயா தன் வீட்டுக்காரர் சைகோனிலிருந்து தமிழில் எழுதிய கடிதங்களைக் காட்டினார். “படிச்சுச் சொல்லு தம்பி, ஆனா எடுத்துட்டுப் போவாதே” என்றார். “இங்கேயே ஒக்காந்து படிக்கிறேன் ஆயா” என்றேன். அவர் சொன்னதுதான் சரி. கட்டு வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. போன் இருக்கிறது, மேசை இருக்கிறது, அங்கேயே படமெடுங்கள். சத்தமாகப் படிக்கும்போது வீட்டில் பெரியவர்கள் பேசுவதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘பெரியவன்’ என்று கடிதத்தில் வந்தால் அது யார் என்று சொல்ல இன்று ஒருவராவது இருக்கிறார். மனைவிக்கு மட்டும் எழுதியதை அவர் சம்மதம் இல்லாமல் பேரப்பிள்ளைகளின் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

வைக்கும் முறை. லேமினேஷன் கூடவே கூடாது, சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக் காகிதத்திலிருந்து பிரிக்க முடியாது. செலோடேப்பும் அப்படியே, சில வருஷத்தில் பழுப்புக் கறையாக உள்ளே இறங்கும். அமிலம் இல்லாத காகித உறையும் அட்டைப் பெட்டியும் ஓவியப் பொருள் கடைகளில் கேட்டு வாங்கலாம். அதுவரை துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். மடிப்பை ஒரு முறை பிரித்தால் திரும்ப மடிக்க வேண்டாம், மடிப்பில்தான் காகிதம் முதலில் அறும். பரணில் வைக்காதீர்கள், ஓட்டுக் கூரையும் ஒழுகும், தளமும் ஒழுகும். சுவரை ஒட்டிய மர அலமாரியில் கரையான் வரும். சுவரிலிருந்து தள்ளி நிற்கும் இரும்பு பீரோவின் மேல்தட்டு நல்லது. அந்துருண்டையோ வேப்பிலையோ காகிதத்தைத் தொடக்கூடாது. ராமபாணப் பூச்சி வராமலிருக்க, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதைவிட நல்ல மருந்து இல்லை.

புயல் சமாச்சாரம் நமக்குத் தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவே கரையேறியபோது எத்தனையோ வீடுகளில் காகிதம் முழுக்கக் கூழானது. எச்சரிக்கை வந்ததும் கட்டை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, மூடியுள்ள பக்கெட்டில் வைத்து, உயரத்தில் ஏற்றுங்கள். புயல் போனதும் பையிலிருந்து எடுத்துவிடுங்கள், உள்ளேயே விட்டால் பூஞ்சை பிடிக்கும். நனைந்துவிட்டால் ஒட்டிய தாள்களைப் பிரிக்காதீர்கள். வெயிலில் காயப்போடாதீர்கள். உடனே வேலை செய்ய முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் வைத்து ஃப்ரீசரில் போடுங்கள், அப்புறம் நிதானமாக ஒவ்வொன்றாக எடுத்து, நிழலில், விசிறிக் காற்று நேரே படாமல் உலர்த்தலாம். படங்களின் ஒரு நகல் வேறு ஊரில் இருக்கும் பிள்ளையிடமும், ஒன்று கிளவுடிலும் இருக்கட்டும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருஷம், மாதம், நாள், பிறகு உறை எண் என்ற வரிசையில் வையுங்கள், கணினி தானே தேதிப்படி அடுக்கிவிடும்.

அபர்தீனில் கார்டன் ஹைலேண்டர்ஸ் படைக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. என் கட்டின் படங்களையும் பெயர்த்தெழுதிய பக்கங்களையும் அவர்களுக்கு அனுப்பத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். நீங்களும் இப்படி எங்காவது அனுப்பினால் கடிதத்தோடு உறையின் இரண்டு பக்கப் படத்தையும், சிப்பாயின் எண்ணையும், கட்டு உங்களுக்கு எப்படி வந்தது என்று ஒரு பத்தியையும் சேர்த்து அனுப்புங்கள். அசலைக் கேட்டால் வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசிவிட்டுப் பதில் எழுதுங்கள்.